காருக்கு நான் நிரப்பிய பெயர்

ஒரு மனிதருக்குச் சேரவேண்டிய காரை நான் என் பெயரில் எழுதிக்கொண்டேன். அது அவருக்குத்தான் என்று சொல்லும் கடிதத்தைக் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் வீட்டில் ஒளித்து வைத்திருந்தேன். தவறு அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். வெறும் கார்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு செத்துப்போயிருப்பேன்.

அப்போது நான் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். முப்பது வயதுகூட ஆகவில்லை. தோட்டத்தின் கடைசி வெள்ளைக்காரத் துரையிடம் அந்தக் கார் இருந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. கரும்பச்சை நிறம். நல்ல வெயிலில்தான் அது பச்சை என்று தெரியும். இங்கே வெயில் குறைவு என்பதால் பாதிப் பேர் அதைக் கறுப்புக் கார் என்றே சொன்னார்கள். உள்ளே வழுவழுப்பான மரப்பலகை, தோல் இருக்கைகள், பின்னால் உட்காருபவர்களுக்கு மடக்கி விரிக்கும் இரண்டு குட்டி மேசைகள். எங்கள் மலைச்சாலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளம். ரிங்லெட் ஊருக்குக் கீழே சில வளைவுகளில் மற்றவர்கள் அதைப் பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப முடியும். துரையின் டிரைவர் ஒரே வீச்சில் திருப்புவார்.

அந்த டிரைவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'கிராணி ஐயா' என்பார். தோட்டத்து வழக்கம் அது. ஆயுத பூசையன்று காருக்குச் சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். துரை கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்ப்பார்.

துரை இங்கிலாந்துக்கே திரும்பிப்போன வாரத்தில் ஒரு பழுப்பு உறையை என் மேசையில் வைத்து, "டிரைவர் விஷயம், நீ பார்த்துக்கொள்" என்றார். உள்ளே கார் யாருடையது என்று காட்டும் கிராண்ட் அட்டை, துரை கையெழுத்துப் போட்ட உரிமை மாற்றப் படிவம், ஒரு பக்கக் கடிதம். இந்த மலைச்சாலையில் இத்தனை ஆண்டுகள் தன்னையும் தன் மனைவியையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு இந்தக் காரைக் கொடுப்பதாகத் துரை எழுதியிருந்தார். அடையாள அட்டையில் அவருடைய பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது தனக்குத் தெரியாது, அதனால் படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பதாகவும், பெரிய கிராணி நிரப்பிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

இதில் துரையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கூப்பிடுவது ஒன்று. பிறந்தபோது யாரோ ஒரு கிராணி தன் காதில் விழுந்தபடி பதிந்தது இன்னொன்று. இரண்டாவதை எழுத்துப் பிசகாமல் எழுதத் தெரிந்தவர் ஆபீஸில் இருக்கும் கிராணி மட்டும்தான். பிறப்பு, கல்யாணம், சாவு, பள்ளிக்கூடம் என்று எல்லாப் படிவத்திலும் பெயரைக் கிராணி நிரப்புவார். அவர் விரல் வைத்த இடத்தில் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த வழக்கத்தை நம்பித்தான் துரை அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

உறை மூன்று நாள் இழுப்பறையில் கிடந்தது. நான்காம் நாள் காலியிடத்தில் என் பெயரை எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

ஏன் என்று இப்போது கேட்டால் ஆசை என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. அந்தக் கார் ஆபீஸ் வாசலில் நிற்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றிருக்கிறேன். ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை.

துரை போன மறுவாரம் டிரைவர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

"கிராணி ஐயா, தொரை எனக்கு ஏதும் காயிதம் குடுத்துட்டுப் போனாருங்களா?"

"என்ன காயிதம்?"

"காடி எனக்குன்னு சொன்னாருங்க. பங்களாப் படிக்கிட்ட நின்னு சொன்னாரு. காயிதத்த கிராணி பாத்துக்குவாருன்னாரு."

"தமிழ்ல சொன்னாரா, மலாய்ல சொன்னாரா?"

"ரெண்டையும் கலந்துதான். அவரு எப்பவும் அப்படித்தானே பேசுவாரு."

"அப்ப உனக்குத்தான் சரியா வெளங்கல. காரைப் பாத்துக்கன்னு சொல்லியிருப்பாரு. எனக்கு வித்துட்டுல்ல போனாரு."

அவர் "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் லயத்தில் அவர் ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லியிருந்தார். அதனால் கேலி தொடங்கியது.

"என்னா காடி மொதலாளி, நடந்து போறீங்க? டிரைவருக்கு லீவா?"

"அடேய், வழி விடுங்கடா. மொதலாளி ஹாரன் அடிக்கிறாரு!"

அவர் சிரித்துச் சமாளித்துப் பார்த்தார். முடியவில்லை. திருவிழாவுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டிருந்தோம். நான் கோயில் கமிட்டிச் செயலாளர். பேச்சு முடியும் நேரத்தில் அவர் எழுந்து, ஆத்தா முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைத்தார்.

"தொரை இந்தக் காடிய எனக்குக் குடுத்தது மெய். நான் சொல்றது பொய்யின்னா ஆத்தா என் குடும்பத்தப் பாத்துக்கட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் அடிப்பதுதான் முறை. பூசாரி இன்னொரு கட்டி சூடத்தை எடுத்துவிட்டார். "கிராணி ஐயாவும் ஒருக்கா அடிச்சுட்டா பேச்சு முடிஞ்சுடும்" என்றார்.

"நாட்டுல சட்டம் இருக்கு. கவர்மெண்டு கிராண்ட்ல யாரு பேரு இருக்குன்னு வந்து பாருங்க. இதுக்கெல்லாம் ஆத்தாவ இழுக்காதீங்க" என்றேன்.

படித்தவர், பெருந்தன்மையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் எனக்குப் பயம். ஆத்தாவை நம்பாமல் நான் ஒதுங்கவில்லை. நம்பியதால்தான் ஒதுங்கினேன்.

அந்த வருடம் முடிவதற்குள் அவருடைய மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. கொழுந்து எடுப்பவர். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. காய்ச்சல் இறங்காமல் பிதற்ற ஆரம்பித்த காலையில் தோட்டத்து லோரி மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போயிருந்தது. அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். நான் சாவியைக் கொடுத்தேன். மனைவியைப் பின் இருக்கையில் படுக்கவைத்து, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அவரே ஓட்டிப் போனார். துரை போன பிறகு அந்தக் காரை அவர் ஓட்டியது அந்த ஒரு தடவைதான். போகிற வழியெல்லாம் கிராணி ஐயாவுக்கு நல்ல மனசு என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் இறந்துபோனார்.

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. பிணம் எடுப்பதற்கு முன்பே லயத்தில் பேச்சு பரவிவிட்டது. பொய்ச் சத்தியம், ஆத்தா குடும்பத்தைப் பார்த்துக்கொண்டாள். நான் மாலையோடு போனபோது கிணற்றடியில் இரண்டு பெண்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். என் மனம் புண்படுமாம்.

பதினாறாம் நாள் முடிந்து அவர் ஆபீஸுக்கு வந்தார்.

"கிராணி ஐயா, மன்னிச்சிருங்க. தொரை சொன்னத நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன். ஒங்க மேல பழி போட்டு, சூடத்த வேற அடிச்சுட்டேன். ஆத்தா காமிச்சுட்டா."

கடிதம் அப்போது என் காலடியில் இருந்த இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் போதும். நான், "பரவாயில்லப்பா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத" என்றேன்.

காரை எடுத்தது ஆசை. அன்று நான் சொன்னதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் அவர் தீச்சட்டி எடுத்தார். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. எடுத்த காரணம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போனார்கள், அல்லது செத்துப்போனார்கள். அவர் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தார். கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் அவருக்கு மாலை போட்டுத் திருநீறு பூசி அனுப்பிவைத்தது பல வருடங்கள் நான்தான்.

காரை நான் வெள்ளையாகப் பூசி ஏழு வருடம் வைத்திருந்தேன். அதில் போனபோதெல்லாம் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் பொய், வேதனைப்பட்டேன் என்றாலும் பொய். பழகிவிட்டது. பிறகு ரிங்லெட்டில் காய்கறி வியாபாரம் செய்த சீன முதலாளி, தவுக்கே ஒருவருக்கு விற்றேன். அவரிடமிருந்து லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு காய்கறித் தோட்டக்காரருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அணை திறந்து அந்தப் பள்ளத்தாக்கில் சேறு புகுந்த வருடம், கார் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஈப்போவில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழர், பழைய கார்களைத் தேடிப்பிடித்துச் சீராக்குவது அவருடைய பொழுதுபோக்கு. லெம்பா பெர்த்தாமில் ஒரு கொட்டகைக்குள் ஜன்னல் வரை சேறு காய்ந்து கிடந்த காரை விலைக்கு வாங்கியிருந்தார். பழைய கிராண்டில் என் பெயரைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறார். கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"பாருங்க அங்கிள், இருக்கைக்குள்ள எலி குடும்பமே நடத்தியிருக்கு. ஸ்பிரிங் எல்லாம் சேறு. மரப்பலகை ஊறிப்போய் அப்பளம் மாதிரி வந்துடுச்சு. ஈப்போவுல சவப்பெட்டி செய்யிற சீனத் தாத்தாதான் அத மறுபடி செஞ்சாரு. 'செத்தவனுக்குச் செய்யிறத விட இது கஷ்டம் லா'ன்னு திட்டிக்கிட்டே செஞ்சாரு."

பெயிண்டைத் தேய்த்தபோது எடுத்த படம் ஒன்று. கதவில் உள்ளங்கை அளவு இடத்தில் மரத்தை அறுத்தால் தெரியும் வளையம்போல நிறங்கள். மேலே சிவப்பு, அதற்குள் நீலம், அதற்குள் வெள்ளை, நடுவில் கரும்பச்சை.

"செவப்பு பெர்த்தாம்காரரு. நீலம் ரிங்லெட் தவுக்கே. வெள்ளை நீங்கதானே அங்கிள்?"

"நான்தான்."

கார்க் கண்காட்சியில் வண்டிக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் வரலாற்றுப் பலகையின் மாதிரியைக் காட்டினார். முதல் உரிமையாளர் துரை. இரண்டாம் உரிமையாளர் என்று என் பெயர், அடைப்புக்குள் 'தோட்டத்துப் பெரிய கிராணி'.

"அந்தக் காலத்துல ஒரு தமிழாளு இந்தக் காடிய வெச்சிருந்தாருன்னா சும்மாவா அங்கிள்? நம்ம புள்ளைங்க பாக்கட்டும். ஒங்க சின்ன வயசு போட்டோ ஒண்ணு வேணும்."

நான் உள்ளே போனேன். போட்டோ எடுக்கத்தான் போனேன். அலமாரியில் போட்டோக்களுக்குக் கீழே பிஸ்கட் டின் இருந்தது, அதில் அந்த உறை இருந்தது. இத்தனை வருடத்தில் நான் ஏன் அதை எரித்துவிடவில்லை என்று கேட்கலாம். கிராணியாக இருந்தவன் காகிதத்தைக் கிழிக்கமாட்டான். அதைத் தவிர எனக்கு ஒரு பெருமையும் இல்லை. வெளியே வந்து உறையை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். தேநீர் ஆறிப்போனது.

"அந்த டிரைவர் இப்ப இருக்காரா?"

"இருக்காரு. அதே லயத்துல."

"தெரியுமா அவருக்கு?"

"தெரியாது."

பலகையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னை அங்கிள் என்று கூப்பிடவில்லை. "காடிய முடிச்சு மேல கொண்டாறேன். மொதல்ல அவரு பாக்கட்டும். சொல்றத நீங்க சொல்லுங்க" என்றார்.

வேலை முடிய மேலும் இரண்டு வருடம் ஆனது. இங்கிலாந்திலிருந்து சாமான்கள் வர வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருடமும் நான் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். லயத்துக்குப் போகும் பேருந்தில் இரண்டு முறை ஏறினேன். ஒவ்வொரு முறையும் பாதியில் இறங்கிவிட்டேன்.

போன வருடம் ஒரு ஞாயிறு காலை டாக்டர் சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் காரை ஏற்றிக் கொண்டுவந்தார். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்கு நடுவே நின்று நான் ஏறிக்கொண்டேன். வெயிலில் கார் பச்சையாக இருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி மட்டும் சொன்னேன்.

லயத்தில் இப்போது பாதிக்கு மேல் வங்காளதேசத்து ஆட்களும் நேப்பாள ஆட்களும்தான். காரைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சூழ்ந்துவிட்டார்கள். டிரைவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கண் மங்கிவிட்டது, சர்க்கரையில் ஒரு கால்விரல் போய்விட்டது. கார் திரும்பும் முன்பே, சத்தத்தைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"தொரை காடி" என்றார்.

மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பானெட்டைத் தடவினார். கதவின் கைப்பிடியைத் தேடிப் பிடித்தார். "இது கொஞ்சம் தொங்குமே" என்றார். அது புதிதாக வார்த்தது என்று டாக்டர் சொன்னார்.

நான் சொன்னேன். பல மாதம் மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. கடிதத்தை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொன்னேன். காலியிடத்தில் யார் பெயரை எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப தொரை எனக்குத்தான் குடுத்தாரு" என்றார்.

"ஆமாங்க." முதல் முறையாக அவருக்கு மரியாதை கொடுத்துப் பேசினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நான் அடிச்ச சூடம் மெய்."

"மெய்தான்."

அவர் காரின் மேலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப அவ எதுக்குச் செத்தா?"

"காய்ச்சல்ங்க" என்றேன்.

"ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் சொன்னாங்க." நாற்காலிக்குத் திரும்பி மெல்ல உட்கார்ந்தார். "நான் தப்பு பண்ணேன், ஆத்தா தண்டன குடுத்தா. அதுல ஒரு நியாயம் இருந்துச்சு கிராணி ஐயா. நானும் தீச்சட்டி எடுத்தேன், அவளும் கை சுடாம பாத்துக்கிட்டா. இப்ப வந்து நான் தப்பே பண்ணலன்னு சொல்றீங்க. அப்ப அம்பது வருசமா நான் தூக்குனதெல்லாம் என்னாத்துக்கு?"

அவர் காலில் விழக் குனிந்தேன். "தொடாதீங்க, புண்ணு இருக்கு" என்று காலை இழுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

கோபப்பட்டது மகள்தான். தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார். "'ஒங்கப்பன் பொய்ச் சத்தியம் பண்ணி ஒங்கம்மாவக் கொன்னுட்டான்'னு பள்ளிக்கூடத்துல சொல்லுவாளுங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க ஐயா?"

ஆபீஸில்தான் இருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் படிவத்தில் அவருடைய பெயரை நிரப்பியவனும் நான்தான். மகள் தட்டைத் திரும்பவும் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, "ஒரு தடவ ஒக்காருங்க ஐயா" என்றார். டிரைவர் வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து பின்கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே குனிந்து இருக்கையைத் தடவினார்.

"இங்கதான் படுத்திருந்தா" என்றார். இன்னும் கொஞ்சம் தடவினார். "இது புதுத் தோலு."

"பழசு எலி தின்னுடுச்சுங்க ஐயா" என்று டாக்டர் மெல்லச் சொன்னார்.

கார் அன்றே கீழே இறங்கிவிட்டது. டிரைவருடைய பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். இப்போது பலகையில் இரண்டாம் உரிமையாளர் அவர்தான். என் பெயர் இல்லை. அதைப் படம் எடுத்து டாக்டர் அனுப்பியிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் வாங்கி, பார்க்காமல் அரிசி டின்னின் மேல் வைத்தார்.

இந்த வருடத் திருவிழாவில் அவர் கோயிலுக்கு வரவில்லை. அவர் வராத முதல் திருவிழா. எல்லோர் முன்னாலும் பொய்யராக்கப்பட்டவரைப் பற்றிய உண்மையை எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும் என்று கமிட்டித் தலைவரிடம் மைக் கேட்டேன். தலைவருக்கு வயது நாற்பதுகூட இருக்காது.

"ஐயா, இந்தக் கதையெல்லாம் இப்ப யாருக்கு ஐயா தெரியும்? சாப்பாட்டுக்கு நிக்கிறவங்க முழிப்பாங்க லா."

கட்டாயப்படுத்தி வாங்கிச் சொன்னேன். அவர் சொன்னபடிதான் ஆனது. வரிசையில் நின்றவர்கள் மரியாதைக்குக் கேட்டார்கள். ஒரு பெண் மட்டும் பக்கத்தில் வந்து, "தீச்சட்டி எடுப்பாரே, அந்தத் தாத்தாவா? எதுக்கு எடுக்குறாருன்னு நாங்களும் யோசிப்போம்" என்று சொல்லிவிட்டு இலை போடப் போனார். டிரைவரைப் பொய்யர் என்றவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பேருந்து ஏறி அவரைப் பார்க்கப் போகிறேன். பாதியில் இறங்குவதில்லை. முன்பெல்லாம் அந்த நாளில் அவர் வீட்டு மாடத்தில் விளக்கு எரியும். இப்போது மகள் ஏற்றினால் எரிகிறது, அவர் ஏற்றுவதில்லை. எனக்கு இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்கிறார். மழையைப் பற்றி, கால் புண்ணைப் பற்றிப் பேசுகிறோம். நான் கிளம்பும் நேரத்தில், "கிராணி ஐயா, நீங்க படிச்சவங்க" என்று ஆரம்பித்து, அம்பது வருசமாத் தூக்குனதெல்லாம் என்னாத்துக்கு என்ற அதே கேள்வியைக் கேட்கிறார். போன வாரமும் கேட்டார். தெரியலீங்க என்று சொல்லிவிட்டு, பேருந்து வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.